மருத்துவ இயற்பியலில் பிஎச்.டி: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

"எம்.எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டேன். மெடிக்கல் ஃபிசிக்ஸில் பிஎச்.டி பண்ணினால் கேன்சர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிடுமா?" என்று கேட்கிற மாணவர்கள் வருஷா வருஷம் உண்டு. கேட்பவர்கள் மேல் தப்பில்லை. பதில் சொல்கிறவர்களில் பாதிப் பேர் "கண்டிப்பாக, அதைவிடப் பெரிய படிப்பு ஏது" என்பார்கள், மீதிப் பேர் "அதெல்லாம் எம்.பி.பி.எஸ் படித்தவர்கள் வேலை" என்பார்கள், இரண்டுமே சரியில்லை. சில வீடுகளில் பெண் பிஎச்.டி முடித்த மறுவாரமே சொந்தக்காரர்கள் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்க வந்துவிடுகிறார்கள், அது தனிக் கதை.

நேராகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்க பிஎச்.டி தேவையில்லை. அதைவிட முக்கியமானது, பிஎச்.டி மட்டும் கையில் இருந்தால் அந்த வேலைக்குச் சேரவும் முடியாது. இது ஏன் இப்படி இருக்கிறது, அப்படியானால் பிஎச்.டி எதற்குத்தான் ஆகும், உள்ளே போனால் நாலைந்து வருடம் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் இங்கே ஆரம்பத்திலிருந்து பார்க்கப்போகிறோம்.

## தராசும் முத்திரையும்

கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்குகிறோம். தராசு ஒரு கிலோ என்று காட்டுகிறது, நாமும் நம்புகிறோம். நம்புவதற்குக் காரணம், முத்திரை ஆய்வாளர் ஒருவர் தன்னிடமுள்ள சோதனை எடைக்கற்களை வைத்து அந்தத் தராசைச் சரிபார்த்து முத்திரை போட்டிருக்கிறார். அவருடைய கற்களையும் அவற்றைவிடத் துல்லியமான வேறு கற்களோடு ஒப்பிட்டிருப்பார்கள், இந்தச் சங்கிலி தேசிய அளவுகோல் வரை போகும். கடைக்காரருக்கு வியாபாரம் தெரியும், ஆய்வாளருக்குத் தராசு தெரியும், ஒருவர் வேலையை மற்றவர் செய்வதில்லை.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கிற இடத்திலும் (ஊரில் 'கரண்ட் வைக்கிறார்கள்' என்பது இதைத்தான்) இதே மாதிரிதான் வேலை பிரிந்திருக்கிறது. யாருக்கு, உடம்பில் எந்த இடத்துக்கு, எவ்வளவு என்று முடிவு செய்பவர் மருத்துவர். நோயாளியைச் சரியான நிலையில் படுக்கவைத்து இயந்திரத்தை இயக்குபவர் தொழில்நுட்பநர். மருத்துவர் எழுதிய அளவுதான் அந்த உடம்புக்குள் உண்மையில் போய்ச் சேர்கிறதா என்பதற்குப் பொறுப்பு மருத்துவ இயற்பியலாளர். கதிர்வீச்சுக் கற்றை எந்தக் கோணத்தில் வர வேண்டும், பக்கத்திலிருக்கும் நல்ல உறுப்புகளுக்கு எவ்வளவு படும் என்று கணினியில் சிகிச்சைத் திட்டம் போடுவதும் பெரும்பாலும் இவர் தலைமேல்தான்.

அந்த 'எவ்வளவு' என்பதற்குப் பெயர் டோஸ். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. தொண்டைப் புற்றுநோய்க்குத் தினம் 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், ஆறேழு வாரம் கொடுப்பது நெடுநாளாக உள்ள நடைமுறை. இது எவ்வளவு சின்ன ஆற்றல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 4 கிரே உடம்பு முழுவதும் ஒரே தடவையில் பட்டால் உயிருக்கே ஆபத்து, ஆனால் அந்த 4 கிரே உடம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உயர்த்தும். சேதம் வெப்பத்தால் வருவதில்லை, செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ அறுபடுவதால் வருகிறது. அதனால் சூடு தெரியாது, வலி தெரியாது. கூடப் போனாலும் குறையப் போனாலும் மேஜையில் படுத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் உணர வழியே இல்லை. அளப்பதற்கென்றே ஒருவர் வேண்டியிருப்பது இதனால்தான்.

சிகிச்சை இயந்திரத்தின் பெயர் லினாக். லீனியர் ஆக்சிலரேட்டர் என்பதன் சுருக்கம். எலக்ட்ரான்களை வேகப்படுத்தி ஓர் உலோகத் தகட்டில் மோதவைத்து எக்ஸ்ரே கற்றையை உண்டாக்குகிறது. அந்தக் கற்றையை அளக்கிற கருவி அயன் சேம்பர், உள்ளே கொஞ்சம் காற்று உள்ள ஒரு சிறு கூடு, கதிர்வீச்சு படும்போது அந்தக் காற்றில் உண்டாகிற மின்னூட்டத்தைச் சேகரித்துக் காட்டும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், சேம்பரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் 10 செ.மீ. ஆழத்தில் வைத்து அளப்பது வழக்கம். சரி, சேம்பர் காட்டுவதை எப்படி நம்புவது? அதை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் போன்ற ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி அளவுத்திருத்தம் செய்து வாங்குகிறார்கள். அங்கிருந்து சங்கிலி பாரிஸ் பக்கத்தில் செவ்ரில் இருக்கும் சர்வதேச எடை அளவுப் பணியகம் வரை போகிறது.

எழுதிய டோஸுக்கும் போய்ச் சேரும் டோஸுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கதிர்வீச்சு அலகுகளுக்கான சர்வதேச ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டது. மருத்துவமனை இயற்பியலாளரின் அன்றாடம் இந்த 5 சதவீதத்தைக் காப்பாற்றுவதில்தான் கழிகிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: மருத்துவர் அளவைத் தீர்மானிக்கிறார், இயற்பியலாளர் அந்த அளவுக்கு உத்தரவாதம் தருகிறார், அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் ஓர் ஒப்பீட்டுச் சங்கிலி இருக்கிறது.

## ஆஸ்பத்திரிக்குள் போகிற வழி

இந்தியாவில் இதற்கு விதி வகுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், எல்லோரும் ஏ.இ.ஆர்.பி என்பார்கள், 1983-ல் அமைக்கப்பட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக இருக்க அது இரண்டு பாதைகளை ஏற்கிறது. எம்.எஸ்சி இயற்பியல் முடித்து, அதற்குமேல் கதிரியக்க அல்லது மருத்துவ இயற்பியலில் ஒரு பட்டயப் படிப்பு முடிப்பது ஒன்று. பி.எஸ்சியில் இயற்பியலை முக்கியப் பாடமாகப் படித்துவிட்டு நேராக எம்.எஸ்சி மருத்துவ இயற்பியலில் சேர்வது இன்னொன்று. எந்தப் பாதையில் வந்தாலும் வசதியுள்ள ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 12 மாதம் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

பட்டயப் படிப்பில் பழையதும் பேர்பெற்றதும் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962-லிருந்து நடத்தும் ஒரு வருடப் படிப்பு, டிப்-ஆர்.பி என்று சொல்வார்கள். எம்.எஸ்சி பக்கம் தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் என்று சில இடங்கள் உண்டு. இதற்குப் பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, ஆர்.எஸ்.ஓ. என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள், சிகிச்சைப் பிரிவுக்கு அதில் மூன்றாம் நிலை வேண்டும். அதுவும் ஆனபின்தான் நிர்வாகத்துக்கு நீங்கள் முழுதாகப் பயன்படுவீர்கள்.

இதில் எங்கேயும் பிஎச்.டி கட்டாயத் தகுதியாக வரவில்லை, கவனியுங்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பல கல்லூரிகளில் இயற்பியல் துறையிலேயே 'மருத்துவப் பயன்பாடு' என்று முடிகிற தலைப்புகளில் பிஎச்.டி செய்யலாம். கதிர்வீச்சு பட்டபின் சூடாக்கினால் ஒளிரும் பொருள்கள், நானோ துகள்கள், இப்படி. நல்ல ஆராய்ச்சியாகவே இருக்கலாம். ஆனால் எம்.எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு ஐந்து வருடம் இதில் உழைத்துப் பட்டம் வாங்கியவர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனால், "பட்டயம் இருக்கிறதா, பயிற்சி முடித்தீர்களா" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். அவர் அதற்கப்புறம் மறுபடியும் ஒரு பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும், சொல்வதில்லை.

ஆகவே மருத்துவமனை வேலைதான் குறி என்றால் வரிசை இதுதான்: முதலில் ஏ.இ.ஆர்.பி ஏற்கிற தகுதி, அப்புறம் பயிற்சி, அதற்கும் அப்புறம் ஆசையிருந்தால் பிஎச்.டி.

## அப்படியானால் பிஎச்.டி எதற்கு

மறுபடி தராசுக்கு வருவோம். அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறது, அதற்கு முத்திரையும் ஒழுங்காக இருக்கிறது. அதில் ஒரு கடுகை வைத்தால் என்ன காட்டும்? பூஜ்யம் காட்டும். தராசு கெட்டுப்போகவில்லை, முத்திரையும் பொய்யில்லை, நாம் கேட்ட கேள்விதான் அந்தத் தராசின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. இருக்கிற தராசைச் சரிபார்ப்பது மருத்துவமனை இயற்பியலாளர் வேலை. கடுகை நிறுக்க என்ன செய்யலாம், எந்தத் தராசு எவ்வளவு பொய் சொல்லும், அதை எப்படித் திருத்துவது என்று கண்டுபிடிப்பது பிஎச்.டிக்கான வேலை.

உண்மையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மூளையில் உள்ள சின்னக் கட்டிகளுக்கு 1 செ.மீ. அகலம் மட்டுமே உள்ள மெல்லிய கற்றைகளை நாலாபக்கமிருந்தும் பாய்ச்சுவார்கள். இதைச் சிறு புலம் என்பார்கள், புலம் என்றால் கற்றை படுகிற பரப்பு. சாதாரண அளவீடு 10 செ.மீ.க்கு 10 செ.மீ. புலத்தில் நடக்கும். அதற்கு உலகமெங்கும் பயன்படுகிற ஃபார்மர் வகை அயன் சேம்பரின் உள்ளறை சுமார் 2.4 செ.மீ. நீளம். பெரிய புலத்தில் இந்தச் சேம்பர் முழுதாக நனைந்துவிடும். 1 செ.மீ. புலத்தில் வைத்தால் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது நடுவிலுள்ள உச்ச அளவைக் காட்டாது, உள்ளேயும் வெளியேயும் சேர்ந்த சராசரியைக் காட்டும். அதாவது குறைத்துக் காட்டும்.

இரண்டாவது சங்கதி இன்னும் நுட்பமானது. எக்ஸ்ரே நேரடியாக டோஸ் கொடுப்பதில்லை, வழியில் எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது, அந்த எலக்ட்ரான்கள் கொஞ்ச தூரம் ஓடித்தான் ஆற்றலைக் கொட்டுகின்றன. பெரிய புலத்தில் நடுப்புள்ளியிலிருந்து எத்தனை எலக்ட்ரான் வெளியே ஓடுகிறதோ அத்தனை பக்கத்திலிருந்து உள்ளே வந்துவிடும், கணக்கு நேராகும். சிறு புலத்தில் பக்கமே இல்லையே, ஓடியது ஓடியதுதான். இந்தச் சமநிலை உடைந்ததும், பெரிய புலத்துக்காக எழுதிய சூத்திரங்களும் கூடவே உடைகின்றன.

இதன் விளைவு காகிதத்தோடு நிற்கவில்லை. பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் 2006 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை 145 நோயாளிகளுக்கு மூளைச் சிகிச்சையில் கூடுதல் டோஸ் போய்விட்டது. காரணம், மிகச்சிறு புலங்களை அளக்க அவற்றுக்குப் பொருந்தாத பெரிய சேம்பரைப் பயன்படுத்தியது. சேம்பர் குறைத்துக் காட்டியது, 'இயந்திரம் குறைவாகத்தான் கொடுக்கிறது' என்று அந்த எண்களை நம்பிய கணினி அதிக நேரம் கற்றையைத் திறந்துவைத்தது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலும் இதே மாதிரி ஒரு பிழை 2004-லிருந்து 2009 வரை யார் கண்ணிலும் படாமல் ஓடியது.

இதற்கென்று தனியாக ஒரு சர்வதேச அளவீட்டு நெறிமுறை 2017-ல்தான் வந்தது, சர்வதேச அணுசக்தி முகமை வெளியிட்ட டி.ஆர்.எஸ்.-483. எந்தக் கருவியை எந்த அளவுப் புலத்தில் வைத்தால் அளவீட்டை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று அதில் அட்டவணை அட்டவணையாக இருக்கும். அந்த எண்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன? அவற்றில் கணிசமானவை யாரோ சில பிஎச்.டி மாணவர்கள் வருடக்கணக்கில் ஒரே கருவியைப் பிடித்துக்கொண்டு அளந்தும் கணக்கிட்டும் எடுத்தவை.

இன்றைக்குத் திறந்துகிடக்கிற கேள்விகளும் ஏராளம். சென்னையில் 2019-ல் புரோட்டான் சிகிச்சை மையம் தொடங்கியது. புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் போய் நின்று அங்கேதான் பெரும்பகுதி ஆற்றலைக் கொட்டும், அதுதான் அதன் பெருமை. ஆனால் எந்த ஆழத்தில் நிற்கும் என்பதை நோயாளியின் சி.டி. ஸ்கேனை வைத்துத்தான் கணிக்கிறோம், அந்தக் கணிப்பில் 3 சதவீதம் போலப் பிசகு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போடுகிறார்கள். 20 செ.மீ. ஆழத்தில் 3 சதவீதம் என்றால் 6 மில்லிமீட்டர். தண்டுவடத்தின் பக்கத்தில் 6 மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. இந்த 3-ஐ 1 ஆக்குவது எப்படி? இது ஒருவர் வாழ்க்கை முழுவதும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய கேள்வி.

## ஒரு கேள்வி ஆய்வேடு ஆவது எப்படி

பிஎச்.டி என்றால் இன்னும் கொஞ்சம் பாடம், இன்னும் கொஞ்சம் பரீட்சை என்று நினைப்பவர்கள் நிறைய. பாடம் உண்டு, முதல் வருடத்தோடு முடிந்துவிடும். மீதி வருடங்களில் உங்களுக்கு வினாத்தாள் கொடுக்க யாரும் இல்லை. கேள்வியை நீங்கள்தான் வெட்டிச் சின்னதாக்க வேண்டும்.

'சிறு புல அளவீட்டை மேம்படுத்துதல்' என்பது கேள்வி இல்லை, அது ஆசை. 'எங்களிடம் உள்ள இந்த டையோடு கருவி (சின்னக் குறைக்கடத்தியால் அளப்பது), 6 எம்.வி. (மெகாவோல்ட்) கற்றையில், 5 மி.மீ. முதல் 3 செ.மீ. வரையிலான புலங்களில் எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது, அது ஆழத்தோடு மாறுகிறதா' என்பது கேள்வி. அப்புறம் அதற்கு மூன்று திசையிலிருந்து பதில் தேட வேண்டும். அந்த டையோடால் அளப்பது ஒன்று. வேறு விதமாக இயங்குகிற கருவியால், உதாரணமாகக் கதிர்வீச்சு பட்டால் நிறம் மாறும் ஃபிலிமால், அளந்து பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது மான்டி கார்லோ. இது கோடிக்கணக்கான எக்ஸ்ரே துகள்களை ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஓடவிட்டு, எங்கே மோதும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இயற்பியல் விதிகள் தரும் நிகழ்தகவுப்படி தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, கடைசியில் எங்கே எவ்வளவு ஆற்றல் விழுந்தது என்று கூட்டிப் பார்க்கிற முறை. கனடாவிலிருந்து வரும் இ.ஜி.எஸ்.என்.ஆர்.சி., செர்ன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஜியான்ட்4 என்று இதற்கு இலவச மென்பொருள்களே இருக்கின்றன.

மூன்றும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாதபோதுதான் பிஎச்.டி தொடங்குகிறது என்பேன். 2 சதவீத வித்தியாசம் வருகிறதா, அது கருவியின் குணமா, தொட்டியில் 1 மி.மீ. நகர்ந்ததால் வந்ததா, கணினி மாதிரியில் லினாக்கின் ஏதோ ஒரு பாகத்தைத் தப்பாகக் கொடுத்ததாலா என்று துப்புத் துலக்க மாதங்கள் ஓடும். தேர்வாளர்கள் வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், நோண்டுவதும் அந்த இடத்தைத்தான். "இந்த எண்ணில் எவ்வளவு பிசகு இருக்கலாம், அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறவர் தேறிவிடுவார்.

கேள்வி பெரும்பாலும் அன்றாட வேலையின் உறுத்தலிலிருந்துதான் பிறக்கிறது. ஆலன் கோர்மாக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். 1956-ல் அங்குள்ள குரூட் ஸ்கூர் மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட, சட்டப்படி ஓர் இயற்பியலாளர் மேற்பார்வை வேண்டும் என்பதால் வாரத்தில் ஒன்றரை நாள் இவரை அனுப்பினார்கள். உடம்பு முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு சிகிச்சைத் திட்டம் போடுவதைப் பார்த்தவருக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே எங்கே எவ்வளவு அடர்த்தி என்பதை வெளியிலிருந்து அளந்தே கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்ததில் பிறந்த கணக்குதான் சி.டி. ஸ்கேனின் அடிப்படைகளில் ஒன்று. 1979-ல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். வேடிக்கை என்னவென்றால் அந்த இருவரில் ஒருவரிடமும் பிஎச்.டி கிடையாது. இதை மேற்கோள் காட்டி உங்கள் நெறியாளரிடம் வாதாட வேண்டாம்.

சுருக்கினால்: சின்னதாக வெட்டிய கேள்வி, ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் பதில், அந்தப் பதிலில் எவ்வளவு பிசகு என்ற நேர்மையான கணக்கு. ஆய்வேடு இந்த மூன்றின் தொகுப்புதான்.

## விதிகளை விரைவாகப் பார்த்துவிடுவோம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு). நெட் தேர்வு மூலமாகவோ, பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத்தேர்வு மூலமாகவோ சேரலாம், இரண்டிலும் நேர்காணல் உண்டு. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடச் சலுகையும் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. வெளியாள் தேர்வாளர்கள் குறைந்தது இரண்டு பேர் ஆய்வேட்டைப் படிப்பார்கள், பிறகு வைவா. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை மானியக் குழு எடுத்துவிட்டது, ஆனால் தங்கள் விதியில் இன்னும் கேட்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு, சேருமிடத்தின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

பணம்? ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, இதற்குமேல் வீட்டு வாடகைப்படி. கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகம் ஏதாவது கொடுத்தால்தான் உண்டு. முழுநேர ஆய்வில் உதவித்தொகை இல்லாமல் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## மெஷின் யாருடையது

இந்தத் துறை பிஎச்.டியின் பெரிய தலைவலி மூளைக்கு வேலை கொடுக்கும் பக்கத்தில் இல்லை, மெஷின் கிடைக்கும் நேரத்தில் இருக்கிறது. லினாக் பல கோடி ரூபாய் இயந்திரம், அது நோயாளிகளுக்காக இருக்கிறது, உங்களுக்காக இல்லை, அதுதான் நியாயமும்கூட. காலையில் தினசரிச் சோதனை, பிறகு சாயங்காலம் வரை, சில இடங்களில் இரவு வரை நோயாளிகள், அப்புறம் மறுநாள் சிகிச்சைத் திட்டங்களைச் சரிபார்க்கும் வேலை. அதெல்லாம் முடிந்தபின் மிஞ்சுவதுதான் ஆராய்ச்சிக்கு. தொட்டியை நிரப்பி, தண்ணீர் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, கருவியைக் கற்றையின் நட்டநடுவில் நிறுத்தி (சிறு புலத்தில் இதற்கே ஒரு மணி நேரம் போகும்) அளக்க ஆரம்பிக்கும்போது மணி பத்தாகியிருக்கும். பகலில் மெஷின் பழுதானால் அன்றைய நோயாளிகள் இரவுக்குத் தள்ளப்படுவார்கள், உங்கள் முறை ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும்.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்பவருக்கு மெஷின் கையருகே இருக்கிறது, நேரம் இல்லை. பல்கலைக்கழகத்தில் முழுநேரமாக இருப்பவருக்கு நேரம் இருக்கிறது, மெஷின் இல்லை, ஏதாவது மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருந்தால்தான் உண்டு. என்னைக் கேட்டால், ஏற்கெனவே ஏ.இ.ஆர்.பி தகுதியோடு மருத்துவமனையில் இருப்பவர் பகுதிநேரமாகச் செய்வதுதான் நம் நாட்டுச் சூழலுக்கு ஒத்துவருகிறது. ஆறு வருடம் இழுக்கும், குடும்பத்தில் முணுமுணுப்பு வரும், ஆனால் கேள்வி தன் கையிலிருக்கும் நோயாளிகளிடமிருந்து வருவதால் சாரமுள்ளதாக இருக்கும்.

மெஷின் தேவைப்படாத தலைப்பு என்று இப்போது நிறையப் பேர் செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போகிறார்கள், சி.டி. படங்களில் உறுப்புகளின் எல்லையைத் தானாக வரைய வைப்பது போன்றவை. தப்பில்லை. ஆனால் இருக்கிற ஒரு மென்பொருளை எடுத்து நம் ஊர்ப் படங்களில் ஓட்டி "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதுவதில் இயற்பியல் எங்கே இருக்கிறது என்று வைவாவில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அது எங்கே தவறுகிறது, அந்தத் தவறு டோஸில் எத்தனை கிரே ஆகிறது என்று போனால் ஆய்வேடாகும். நோயாளியின் படங்களைத் தொடுவதற்கு முன் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், பெயரும் எண்ணும் நீக்கப்பட வேண்டும், அந்த ஒப்புதலுக்கே சில மாதங்கள் ஆகலாம் என்பதால் முதல் வருடத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

## வெளிநாடு

அமெரிக்காவிலும் இதே மாதிரி படிப்பு, அப்புறம் பயிற்சி என்ற வரிசைதான், இன்னும் கறாராக. சான்றிதழ் தேர்வுக்கு 'கேம்பெப்' என்ற அமைப்பு அங்கீகரித்த முதுகலையோ பிஎச்.டியோ படித்திருக்க வேண்டும், பிறகு அதே அமைப்பு அங்கீகரித்த மருத்துவமனைப் பயிற்சி, பொதுவாக 2 வருடம். இந்தப் பயிற்சி 2014-லிருந்து கட்டாயம். பயிற்சி இடங்களுக்குப் போட்டி கடுமை, அதில் பிஎச்.டி உள்ளவருக்குக் கொஞ்சம் கை ஓங்கும் என்பதால் அங்கே பலர் பிஎச்.டி செய்கிறார்கள். வேறு துறையில் இயற்பியல் பிஎச்.டி முடித்தவர்கள் மாறி வர ஒரு சான்றிதழ்ப் படிப்பும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் முடித்த பிஎச்.டியோடு போய் நேராக அங்கே சிகிச்சைப் பிரிவில் உட்கார முடியாது, ஆராய்ச்சி வேலைக்குப் போகலாம். பிரிட்டனில் சம்பளத்தோடு 3 வருடப் பயிற்சித் திட்டம் தனியாக இருக்கிறது, அதற்கும் பிஎச்.டி நிபந்தனையில்லை.

## சேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

பிஎச்.டி எங்கே நிஜமாகப் பயன்படும் என்றால், பல்கலைக்கழக ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி நிறுவனங்கள், சிகிச்சைத் திட்ட மென்பொருள் எழுதும் கம்பெனிகள், பெரிய மருத்துவமனைகளில் துறைத் தலைமை. இதில் எதுவும் உங்களுக்கு வேண்டாம், நோயாளிகளோடு நல்லபடியாக வேலை பார்த்தால் போதும் என்றால், அந்த ஆறு வருடத்தைப் பயிற்சியிலும் புதிய சிகிச்சை முறைகளிலும் போடலாம். அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

வேண்டும் என்று முடிவு செய்தால், தலைப்பைத் தேடுவதற்கு முன் நெறியாளரைத் தேடுங்கள். ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடக்கின்றன. நீங்கள் நினைத்திருக்கும் நெறியாளரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் இரண்டு மூன்றை எடுத்து, முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு அளவீடுகள் வரும் அத்தியாயத்தைப் படியுங்கள். எந்த மெஷினில் அளந்தார்கள், பிசகுக் கணக்கு போட்டிருக்கிறார்களா என்பதில் அந்த ஆய்வுக்குழுவின் தரம் தெரிந்துவிடும். பகுதிநேரம் என்றால் நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று எழுத்தில் வாங்குங்கள், இரவில் மெஷின் பயன்படுத்தும் அனுமதியையும் அதிலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், துறைத் தலைவர் மாறினால் வாய்ச்சொல் காற்றோடு போகும். கடைசியாக, அந்த நெறியாளரிடம் இப்போது இருக்கும் ஸ்காலர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "கடைசியாக எப்போது அளந்தீர்கள், அடுத்த முறை எப்போது மெஷின் கிடைக்கும்?" என்று கேளுங்கள். அவர் தேதி சொன்னால் விண்ணப்பத்தை நிரப்பலாம்.